இளம் வயதில் கடும் முதுகுவலி: காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் வழி

எனக்கு முதுகுவலி தொடங்கியபோது வயது 23. பார்த்தவர்கள் எல்லோருமே என்னிடம் ஒன்றும் கேட்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். பைக் ஓட்டுவதால் வந்தது என்றார் ஒருவர், நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்திருப்பதால் என்றார் இன்னொருவர், வீட்டில் உடல் சூடு என்று முடிவு செய்து சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ஜவ்வு லேசாக விலகியிருக்கிறது என்று சொல்லி, இடுப்புக்கு பெல்ட் கொடுத்து, 6 வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். படுத்திருந்த அந்த 6 வாரமும் வலி கூடிக்கொண்டே போயிற்று. அதிகாலை 3 மணிக்கு வலி தாங்காமல் எழுந்து மொட்டை மாடியில் நடந்தால் அரை மணி நேரத்தில் ஓரளவு அடங்கும். என் நோய் என்ன என்பதற்கான விடை அந்த நடையில்தான் இருந்தது. அதை எந்த மருத்துவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டிய செய்தி என்று எனக்கும் தெரியவில்லை. இப்படியே 4 ஆண்டுகள் போயின.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது, 15 முதல் 40 வயதுக்குள் கடுமையான முதுகுவலியோடு இருக்கும் ஒருவர் ஸ்கேன் எடுக்க ஓடுவதற்கு முன்னால் தன் வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், அதை யாரிடம் கொண்டுபோய் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும்தான். நான் மருத்துவர் இல்லை. நீண்ட நாள் நோயாளி என்ற முறையில் கற்றதையே எழுதுகிறேன்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முதுகுவலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தெரியாமல் வெளியேறுவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போவது, கால்கள் வேகமாக வலுவிழப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. தண்டுவடத்தின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் இது. மணிக்கணக்கில் ஏற்படும் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பாகிவிடலாம். 108 ஆம்புலன்ஸை அழைத்து, எம்.ஆர்.ஐ. வசதியும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். கூச்சத்தால் "மரத்துப்போகிறது" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னவர்கள் உண்டு. அந்தச் சொல்தான் முதலில் சொல்ல வேண்டியது.

விபத்தில் அடிபட்ட பிறகு வரும் வலி, குளிர்காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் எடை குறைவதோடு வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி, நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு வரும் வலி ஆகியவற்றுக்கும் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தை முதுகு வலிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னால், பள்ளிப் பையின் கனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாமல் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரக் குறிப்பு

மேற்சொன்ன அறிகுறிகள் இல்லாவிட்டால், மருத்துவரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் எழும்போது முதுகு எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது, இரவின் பின்பாதியில் வலி எழுப்புகிறதா, எழுந்து நடந்தால் கூடுகிறதா குறைகிறதா, உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகிறது, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, வலிமாத்திரை போட்டால் எத்தனை மணி நேரம் நிம்மதி கிடைக்கிறது என்பவற்றைத் தேதியோடு குறித்தால் போதும். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பது எல்லா நோயாளிகளும் சொல்வது. அதைவிட, "தினமும் காலையில் சட்டை மாட்டக் கையைத் தூக்கிக் குனிய ஒரு மணி நேரம் ஆகிறது, மதியத்துக்கு மேல் வலி இல்லை" என்று சொன்னால் மருத்துவருக்கு உடனே ஒரு திசை கிடைக்கும்.

அந்தக் குறிப்பு எந்தத் திசையைக் காட்டும் என்பதைச் சற்று விளக்குகிறேன். கனம் தூக்கிய அன்றோ நெடுநேரம் பைக் ஓட்டிய அன்றோ தொடங்கி, வேலை செய்தால் கூடி, படுத்தால் குறையும் வலி பெரும்பாலும் தசை, தசைநார், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு) சார்ந்தது. இளையோருக்கு வரும் முதுகுவலியில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான், சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். புட்டத்திலிருந்து மின்னல் போல இறங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போகும் வலி, இருமினாலோ தும்மினாலோ சுண்டி இழுத்தால், டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். இதுவும் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தணிகிறது.

விளையாடும் பிள்ளைகளுக்கு வேறொரு காரணம் உண்டு. வேகப்பந்து வீசுபவர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுபவர்கள் போன்றவர்களுக்கு முதுகைப் பின்னால் வளைத்து முறுக்குவதால் கீழ்முதுகு எலும்பின் ஒரு மெல்லிய பகுதியில் நுண்ணிய விரிசல் ஏற்படும். பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அது வரும். ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019-இல் முதுகில் ஏற்பட்டது இத்தகைய அழுத்த முறிவே. பின்னால் வளைந்தால் வலிக்கிறது என்று 16 வயதுப் பந்துவீச்சாளர் சொன்னால், தைலம் தடவிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பாமல் முதலில் பந்து வீசுவதை நிறுத்தச் செய்வதுதான் சிகிச்சையின் தொடக்கம்.

இனி, என் நோட்டில் இருந்த வலி. 40 வயதுக்கு முன் தொடங்குவது, எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மெல்ல வருவது, உடற்பயிற்சியால் குறைவது, ஓய்வால் குறையாமல் இருப்பது, இரவில் எழுப்பி எழுந்து நடந்தால் தணிவது என்ற 5 குணங்களில் 4 இருந்தால் அதை அழற்சி வகை முதுகுவலி என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். 3 மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் அச்சு ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்; எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாத தொடக்க நிலையும், மாற்றம் தெரியும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் இதில் அடங்கும். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இரண்டு மூட்டுகளில், மருத்துவமனைகளில் எஸ்.ஐ. மூட்டு என்று சொல்கிறார்களே, அங்கே பொதுவாக இது தொடங்குகிறது. அதனால் ஒரு நாள் வலப்புட்டத்திலும் மறுவாரம் இடப்புட்டத்திலும் மாறி மாறி வலிக்கும். அதை நரம்புவலி என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

பெண்களுக்கு இந்த நோய் வராது என்ற பழைய எண்ணத்தால் அவர்களிடம் நோயறிதல் இன்னும் தாமதமாகிறது. நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. சிசேரியனின்போது முதுகில் ஊசி போட்டதால்தான் வலி என்று அக்காமார், அத்தைமார் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிப்பது உண்மை. ஆனால் அந்த ஊசி ஆண்டுக்கணக்கில் தொடரும் முதுகுவலியைத் தருகிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. குழந்தைக்கு ஒரு வயதான பிறகும் தாய் விடிகாலை விறைப்போடு எழுந்தால் ஊசியை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

காசநோயையும் மறந்துவிடக் கூடாது. முதுகெலும்பில் வரும் காசநோய்க்கு இருமலே இல்லாமல் இருக்கலாம். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, எடை குறைதல், முதுகின் ஓரிடத்தில் தட்டினால் வலி என்று அது மெதுவாக வளரும். இந்தியாவில் இளம் வயதினருக்கு மாதக்கணக்கில் முதுகுவலி என்றால் இதை விலக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது என் கருத்து.

யாரிடம் போவது, என்ன சொல்வது

முதலில் போக வேண்டியது உங்கள் குடும்ப மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலோதான். கால் முழுவதும் இறங்கும் நரம்புவலி, அடிபட்ட வலி, விளையாட்டு வீரரின் வலி ஆகியவற்றுக்கு எலும்பு மருத்துவரோ முதுகெலும்பு அறுவை மருத்துவரோ பொருத்தமானவர். அழற்சி வகை என்று குறிப்பு காட்டினால் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். இந்தத் துறை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் 27 வயது வரை தெரியாது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இதற்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தப் பிரிவு உண்டா, எந்தக் கிழமையில் ஓ.பி. என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் வீணாவது மிச்சமாகும்.

முதுகுக்குச் சம்பந்தமே இல்லை என்று நீங்கள் நினைக்கும் சில செய்திகளையும் மறக்காமல் சொல்ல வேண்டும். எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றா? காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறதா? தோலில் சொரியாசிஸ், நாள்பட்ட இரத்த வயிற்றுப்போக்கு, காரணமின்றி வீங்கும் முழங்கால், குடும்பத்தில் கூன் விழுந்த சித்தப்பா அல்லது தாத்தா என்று எது இருந்தாலும் சொல்லுங்கள். கண் சிவந்ததற்குச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனதை நான் சொன்ன பிறகுதான் என் மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் செய்த பரிசோதனைக்குக் கருவி என்று ஒன்றும் தேவைப்படவில்லை. நேராக நிற்க வைத்து, இடுப்பில் இரண்டு பக்கமும் குழி விழும் மட்டத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். தையற்காரர் வைத்திருப்பது போன்ற டேப்பால் அதற்கு மேலே சரியாக 10 செ.மீ. அளந்து இன்னொரு கோடு போட்டார். முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லி இரண்டு கோடுகளுக்கும் இடையே மறுபடி அளந்தார். முதுகெலும்பு நன்றாக மடங்கினால் அந்த 10 செ.மீ. ஏறத்தாழ 15 ஆக வேண்டுமாம், எனக்கு 12-தான் ஆயிற்று. அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் நான் போன எந்த இடத்திலும் யாரும் என் சட்டையைக் கழற்றச் சொன்னதில்லை.

பரிசோதனைகளைப் புரிந்துகொள்ளுதல்

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். அவை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, ஏனெனில் இந்த நோயாளிகளில் கணிசமானோருக்கு அந்த அளவுகள் உயர்வதே இல்லை. எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. 1973-இல் இந்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட இந்த மரபுக்கூறு பெரும்பாலான நோயாளிகளிடம் காணப்படுகிறது. ஆனால் அதைக் கொண்ட பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் இந்த நோய் வருவதே இல்லை. எனவே 'பாசிட்டிவ்' என்று அச்சடித்த தாளைப் பார்த்து அழவும் வேண்டாம், 'நெகட்டிவ்' என்று வந்ததால் விட்டுவிடவும் வேண்டாம். அந்தத் தாளை உங்கள் நோட்டோடு சேர்த்துத்தான் மருத்துவர் படிப்பார்.

எக்ஸ்ரேயில் எஸ்.ஐ. மூட்டின் மாற்றங்கள் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். தொடக்கத்திலேயே காட்டுவது எம்.ஆர்.ஐ.தான். ஆனால் எம்.ஆர்.ஐ. என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்முதுகுக்கு எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் எஸ்.ஐ. மூட்டு முழுமையாகப் பதிவாவதில்லை. அழற்சி வகை என்ற சந்தேகம் இருந்தால், எஸ்.ஐ. மூட்டுகளுக்கென்று தனியாக, எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோவையைக் காட்டும் 'ஸ்டிர்' முறையையும் சேர்த்து எடுக்க வேண்டும். பரிந்துரைச் சீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று ஸ்கேன் மையத்துக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதலில் செலவழித்த ஸ்கேன் பணம் வீணானது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்', 'டிஸ்க் தேய்மானம்' என்ற சொற்களைப் பார்த்ததும் இடிந்துபோகிறவர்களுக்கு ஒரு செய்தி. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வுரையின்படி, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானமும் 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்தன. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. எனவே, அறிக்கையில் சொல்லியிருக்கும் நரம்பும் உங்களுக்கு வலிக்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். பொருந்தவில்லை என்றால், குறிப்பாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று சொல்லப்பட்டால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஸ்கேன் சி.டி.யையும் அறிக்கையையும் உங்களிடமே வைத்திருங்கள், அவற்றை மருத்துவமனையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

சிகிச்சை

சாதாரண முதுகுவலிக்கும் டிஸ்க் வலிக்கும் ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை ஓய்வு தேவையில்லை. முடிந்த அளவு நடப்பதும், வலி சற்று அடங்கியதும் பிசியோதெரபி தொடங்குவதும்தான் பயன் தரும். பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தால் தசைகள் பலவீனமாகும். 6 வாரம் கடந்தும் நரம்புவலி தணியாமல் இருந்தாலோ கால் பலவீனமானாலோதான் ஊசி, அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வர வேண்டும். சுளுக்கு எடுப்பவரிடம் போகும் பழக்கம் நம்மிடையே உண்டு. தசைப்பிடிப்புக்கு நீவிவிட்டால் இதமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாத நிலையில் கழுத்தையோ முதுகையோ சொடுக்க விடாதீர்கள். காசநோயால் அரித்த எலும்பும் அழற்சியால் இறுகிய எலும்பும் சொடுக்கினால் முறியக்கூடும்.

முதுகெலும்புக் காசநோய்க்கு அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மருந்துகள் இலவசம். சிகிச்சை பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதற்கு மேலும் நீளும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. உடல் தேறிவிட்டது என்று நடுவில் மருந்தை நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

அழற்சி வகைக்கு முதல் மருந்து உடற்பயிற்சி. இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை, பயிற்சியை விட்டவர்களுக்கு மருந்தும் முழுப் பயன் தருவதில்லை. அடுத்தது நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்ற அழற்சி எதிர்ப்பு வலிமாத்திரைகள். வலிக்கும்போது ஒன்று என்று போடாமல், மருத்துவர் சொல்லும் முழு அளவில் 2 முதல் 4 வாரம் போட்டுப் பார்த்து, பலனில்லாவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். இவை வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் தரக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனையோடுதான் தொடர வேண்டும். காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை இவற்றை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், மழைக்காலத்தில் இது மிக முக்கியம்.

ஸ்டீராய்டு மாத்திரைகளை இந்த முதுகுவலிக்கு நீண்ட காலம் எடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. கை மூட்டுவாதத்துக்குப் பெயர்பெற்ற மெத்தோட்ரெக்சேட்டும் முதுகெலும்பில் வேலை செய்வதில்லை. பெயரில்லாத பொட்டலத்தில் வந்த பொடி மூன்றே நாளில் வலியைப் போக்கிவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் பிறகுதான் தெரியும்.

வலிமாத்திரைகள் போதாதபோது அடலிமுமாப், எட்டனெர்செப்ட், செகுகினுமாப் போன்ற உயிரியல் ஊசிகளும், டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரையும் உள்ளன. எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியை இவை அடக்குவதால், உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும். எனவே தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் அல்லது இரத்தப் பரிசோதனை, மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனைகள் கட்டாயம். இவற்றைச் செய்யாமல் யாராவது ஊசி போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். விலை பெரிய தடைதான். 2014-இல் அடலிமுமாப்பின் இந்தியத் தயாரிப்பு வந்த பிறகு இறக்குமதி மருந்து ஒன்றையே நம்பியிருக்கும் நிலை மாறியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை எந்தத் தொகுப்பில் அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

நோய் உறுதியானவர்கள் புகைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும், அது முதுகெலும்பு இறுகுவதை விரைவுபடுத்துகிறது. கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லிக் காட்ட வேண்டும். மெல்லிய தலையணையில் படுப்பது, நாள்தோறும் சில நிமிடம் குப்புறப் படுப்பது, மார்பு விரிய மூச்சிழுத்துப் பழகுவது ஆகியவற்றை என் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பல ஆண்டுகள் நோயிருந்து முதுகெலும்பு ஒட்டிக்கொண்டவர்களுக்கு எலும்பு மூங்கில் போல நேராக நின்றாலும் எளிதில் முறியும். பைக்கிலிருந்து லேசாக விழுந்தாலும் கழுத்தில் புதிதாக வலித்தால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது கழுத்தை வலுக்கட்டாயமாக நிமிர்த்தக் கூடாது. இதை அவசர சிகிச்சைப் பிரிவில் நாமே சொல்லும் நிலையில் இருப்போம் என்பதற்கு உறுதியில்லை. அதனால் நோயின் பெயர், எடுக்கும் மருந்துகள், "கழுத்தை வளைக்க வேண்டாம்" என்ற ஒரு வரி, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து பர்ஸில் வைத்திருக்கிறேன்.